பூஜ்யம் நம்பர் நோயாளி

அன்று காலை டிரைவரம்மா தன் கணவரைத் திட்டவில்லை.

இதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்பவர்களுக்கு அந்த வீட்டைத் தெரியாது என்று அர்த்தம். டிரைவரம்மா பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். நாற்பத்திரண்டு பிள்ளைகளின் கூச்சலுக்கும் இன்ஜின் சத்தத்துக்கும் மேலே பேசிப் பேசி உயர்ந்துபோன குரல் அவளுடையது. வீட்டுக்கு வந்த பிறகும் அது இறங்காது. ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டால் ஒரு பாட்டு, சொன்ன சாமானை வாங்காமல் வந்தால் ஒரு பாட்டு. "ஊருக்கெல்லாம் காது வைக்கிறீங்க, நான் சொல்றது மட்டும் உங்க காதுல ஏறாது" என்பது எல்லாப் பாட்டுக்கும் பொதுவான பல்லவி.

இன்றைக்கும் துண்டு கட்டிலில்தான் கிடந்தது. டிரைவரம்மா அதைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் எடுத்துக்கொண்டு போய்க் கொடியில் போட்டாள். திரும்பி வந்து, "இன்னும் கொஞ்சம் காபி ஊத்தட்டுமாங்க?" என்றாள்.

காதுக்காரர், அதாவது அவள் கணவர், காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தார்.

"உனக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"எனக்கென்ன, நான் கல்லு மாதிரி இருக்கேன்" என்றவளுக்கு அந்த 'நான்' என்ற இடத்தில் குரல் தடுமாறியது. சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று படியிறங்கிப் போனாள். போனவள் நின்று திரும்பினாள்.

"ரோட்டைப் பாத்து நடங்க. அவசரப்படாதீங்க."

அவர் போகவேண்டிய தூரம் மொத்தம் இரண்டு தெரு. அவர் நடந்து போய்ச் சேர்வதற்குள் கடந்த ஒரு வாரக் கதையை நாம் சொல்லி முடித்துவிடலாம்.

காதுக்காரர் காது பரிசோதனை நிலையம் வைத்திருக்கிறார். பலகையில் நீளமாக ஒரு பெயர் இருந்தாலும் ஊர் வாயில் அது காதுக்கடைதான். கடையின் உயிர் உள்பக்கம் இருக்கும் சத்தம் புகாத சின்ன அறை. ஒரு நாற்காலி, ஒரு கண்ணாடி ஜன்னல், ஃபிரிட்ஜ் கதவு மாதிரிக் கனமான ஒரு கதவு. வந்தவரை உள்ளே உட்காரவைத்து, காதில் ஹெட்ஃபோனை மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுப்பார். சன்னமாக ஒலி வரும். கேட்டால் பட்டனை அமுக்க வேண்டும். வெளியே கருவியில் பச்சை விளக்கு எரியும். கேட்கவில்லை என்றால் அமுக்கக் கூடாது. "ஊகத்துல மட்டும் அமுக்காதீங்க" என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிவிட்டுத்தான் கதவைச் சாத்துவார்.

மகளும் இதே படிப்பைப் படித்து முடித்து, மூன்று வாரத்துக்கு முன்னால் அப்பாவோடு வேலைக்குச் சேர்ந்தாள். வீட்டில் அவள் பெயர் பொடிசு. வயது இருபத்தாறு, உயரம் அப்பாவைவிட ஒரு பிடி அதிகம். கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று பழைய பதிவுகளைக் கிளறியபோது அகப்பட்டவர்தான் பூஜ்யம் நம்பர் நோயாளி. அவருக்குப் பெயர் இல்லை, வயது இல்லை, முகவரி இல்லை. நான்கு வருடமாக அந்த அறைக்குள் வந்து வந்து உட்கார்ந்திருக்கிறார். ஒரு முறைகூட அவருக்கு ஒலி அனுப்பப்படவில்லை. ஆனாலும் பட்டனை அமுக்கியிருக்கிறார்.

காலை எட்டு நாற்பதுக்கு அந்த அறைக்குள் போகக்கூடியவர் ஒரே ஒருவர்தான். படித்த பெண்ணுக்குக் கூட்டிக் கழித்துப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்? அப்பாவுக்கு இல்லாத சத்தம் கேட்கிறது. யாரிடமும் சொல்லாமல் தன்னைத் தானே சோதித்துக்கொண்டிருக்கிறார். நேற்று மாலை அம்மாவுக்குப் போன் போட்டாள். "தலைக்குள்ள கட்டி கிட்டி எதுவும் இருக்கக் கூடாதும்மா" என்று அவள் சொன்ன கணத்தில் டிரைவரம்மா காலிப் பேருந்தை நட்டநடுத் தெருவில் நிறுத்திவிட்டாள். பின்னால் வந்த வண்டிகள் ஹாரன் அடித்த அடியோடு அந்தக் கதை முடிந்தது.

காதுக்காரரும் கடைக்கு வந்து சேர்ந்துவிட்டார்.

டோக்கன் அக்கா முன்னறையைத் திறந்து, நாற்காலிகளை வரிசையாகப் போட்டு வைத்திருந்தார். டோக்கன் கொடுப்பதும் நம்பர் கூப்பிடுவதும் அவர் வேலை. ஒன்பது வருடத்தில் நம்பர்களைத் தவிர வேறு அதிகம் பேசியதில்லை. "வாங்க சார்" என்றார். அன்றைய பேச்சில் பாதி அதோடு முடிந்தது.

காதுக்காரர் உள்ளே போய்க் கருவியின் முன்னால் உட்கார்ந்தார். விசைப்பலகைக்கு அடியில் ஒரு தாள் எட்டிப் பார்த்தது. மகளின் கையெழுத்து.

'நம்பர் 0. நான்கு வருடம், 1187 முறை. பெரும்பாலும் காலை 8.40. ஒலி அனுப்பவில்லை, பதில் வந்திருக்கிறது. இல்லாத சத்தம் கேட்கிறதா? தலை ஸ்கேன், வெள்ளி மாலை 3 மணி. அப்பாவிடம் எப்படிச் சொல்வது? அம்மாவிடம் சொல்லியாயிற்று.'

அப்போதுதான் அவருக்குத் துண்டு புரிந்தது. காபி புரிந்தது. ரோட்டைப் பார்த்து நடக்கச் சொன்னதும் புரிந்தது.

'அடிப்பாவி, நான் செத்துப்போயிடுவேன்னு நெனச்சுக்கிட்டு இருக்காளே!'

சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

அவருக்கு நோய் எதுவும் இல்லை என்பதை வாசகர்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். நீங்களாவது நிம்மதியாகப் படியுங்கள்.

பதினோரு வருடத்துக்கு முன்னால், அவருடைய அம்மா இறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அறைக் கதவின் ரப்பர் பட்டி விட்டுப்போயிருக்கிறதா என்று பார்க்க உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். வெளியுலகம் அப்படியே நின்றுபோனது. அந்த அமைதியில், தன்னை யாரோ கேட்டுக்கொண்டிருப்பதாக அவருக்குத் தோன்றியது. அவர் வாய் திறந்து ஒரு வார்த்தை பேசவில்லை. சத்தம் எதுவும் வரவுமில்லை. ஆனால் தான் இருப்பதை, தன் துக்கத்தோடு சேர்த்து முழுதாக, யாரோ பொறுமையாகக் கேட்கிறார்கள். பத்து நிமிடம் கழித்து வெளியே வந்தார். ரப்பர் பட்டியைப் பார்க்க மறந்திருந்தார்.

மறுநாளும் போனார். அதற்கடுத்த நாளும். ஒரு நாள் பட்டனைக் கையில் எடுத்துக்கொண்டார். கேட்கிறார்கள் என்று தெரிந்தால் ஒரு முறை அமுக்குவார். 'ஆமாம், தெரிகிறது' என்று தலையாட்டுவது போல. தெரியவில்லை என்றால் அமுக்காமல் வந்துவிடுவார். அவருடைய பக்தி மொத்தமும் அவ்வளவுதான். ஒலி அனுப்பாவிட்டால் கருவி எதையும் சேமிக்காது என்று நினைத்திருந்தார். நான்கு வருடத்துக்கு முன்னால் வந்த புதிய மென்பொருள், அமுக்கினாலும் அமுக்காவிட்டாலும், பட்டனைக் கொக்கியிலிருந்து எடுத்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சேமித்துத் தொலைத்திருக்கிறது.

இப்போது என்ன செய்வது?

பேசாமல் இருந்துவிடலாம். பேசாமல் இருப்பது அவருக்குக் கைவந்த கலை. ஸ்கேனில் ஒன்றும் வராது. டாக்டர் 'நல்லாத் தூங்குங்க' என்பார். விஷயம் அமுங்கிப்போகும். ஆனால் வெள்ளிக்கிழமைக்கு நடுவே இரண்டு ராத்திரி இருக்கிறது. அந்த இரண்டு ராத்திரியும் அவள் தூங்கமாட்டாள், திட்டவும் மாட்டாள்.

சொல்லிவிடலாம். சொன்னால்? ஒரு முறை தன் அண்ணனிடம் சொல்லிப் பார்த்திருக்கிறார். அண்ணன் அதைச் சொந்தக்காரர்கள் கூடிய ஒரு சாப்பாட்டுப் பந்தியில் எடுத்துவிட்டார். "தம்பிக்கு ஆகாசமே காது குடுக்குதாம்ப்பா!" ஒரு வருடம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். கேலியைக்கூடத் தாங்கிக்கொண்டார். ஆனால் அதற்குப் பிறகு பல நாள், அறைக்குள் போய் உட்கார்ந்தால் அண்ணன் சிரிப்பு மட்டும்தான் இருந்தது. சொன்னால் அது சுருங்கிவிடுகிறது. அந்தப் பயம்தான் அவர் வாயைக் கட்டிப்போட்டிருந்தது. போதாக்குறைக்கு, இல்லாததைக் கேட்கிறவனிடம் எவன் வந்து காதைக் காட்டுவான்?

மணி எட்டு நாற்பது ஆயிற்று. அவர் அறைக்குள் போகவில்லை. வெளியே உட்கார்ந்து அந்தக் கனமான கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பதினோரு மணிக்குப் பொடிசும் டிரைவரம்மாவும் சேர்ந்தாற்போல உள்ளே வந்தார்கள். டிரைவரம்மா இன்னும் யூனிஃபாரத்தில் இருந்தாள்.

"அட, இந்த நேரத்துல?"

"ரெண்டரை வரைக்கும் வண்டிக்கு வேலை இல்லையே. சும்மா உங்களைப் பாத்துட்டுப் போலாம்னு."

முப்பது வருடத்தில் அவள் அங்கே சும்மா வந்ததில்லை.

"அப்பா, எனக்குக் கை பழகணும்" என்றாள் பொடிசு, மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே. "உங்களை வெச்சு ஒரு டெஸ்ட் பண்ணிக்கட்டுமா?"

வகுப்பிலேயே முதலாவதாக வந்த பெண்ணுக்குப் பொய் சொல்ல மட்டும் வராது. அவர் ஒன்றும் கேட்காமல் எழுந்து, தானே போய் அறைக்குள் உட்கார்ந்து, ஹெட்ஃபோனையும் மாட்டிக்கொண்டார்.

பொடிசு ஒவ்வொரு ஒலியாக அனுப்பினாள். எறும்பு நடக்கும் சத்தம்கூட அவருக்குக் கேட்டது. பச்சை விளக்கு எரிந்து எரிந்து அணைந்தது. நடுநடுவே ஒலியை நிறுத்திவிட்டும் காத்திருந்தாள். அப்போதெல்லாம் விளக்கு எரியவே இல்லை.

"என்னடி ஆச்சு?"

"காது பிரமாதமா இருக்கும்மா. இருபது வயசுப் பையன் காது."

"அப்ப நல்லதுதானே?"

பொடிசு உதட்டைக் கடித்தாள். காதில் கோளாறு இல்லை என்றால் கோளாறு அதற்கும் மேலே. அவள் சொல்லாமலேயே அம்மாவுக்குப் புரிந்துவிட்டது.

"அடுத்தது வார்த்தை டெஸ்ட்" என்று பொடிசு மைக்கை இழுத்துக்கொண்டாள். "நான் சொல்றதை அப்படியே திருப்பிச் சொல்லுங்கப்பா. பல்."

"பல்" என்றார் உள்ளிருந்து.

"கதவு."

"கதவு."

டிரைவரம்மா குனிந்தாள். "என்ன சொன்னாலும் திருப்பிச் சொல்வாரா?"

"அதான்மா டெஸ்ட்டே."

"என்ன சொன்னாலும்?"

பொடிசு அப்போதே உஷாராகியிருக்க வேண்டும். அதற்குள் மைக் கைமாறிவிட்டது.

"பால்" என்றாள் டிரைவரம்மா.

"பால்."

"பால் பாக்கெட் வாங்கிட்டு வாங்கன்னு செவ்வாய்க்கிழமை சொன்னேன்."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் காதுக்காரர் ஒரு முறை விழித்தார். விதி என்றால் விதிதான். "பால் பாக்கெட் வாங்கிட்டு வாங்கன்னு செவ்வாய்க்கிழமை சொன்னேன்."

"வாங்கிட்டு வரல."

"வாங்கிட்டு வரல."

"எங்க அக்கா வந்திருந்தப்ப பேப்பரை விரிச்சு மூஞ்சிய மறைச்சுக்கிட்டீங்க."

"எங்க அக்கா வந்திருந்தப்ப பேப்பரை விரிச்சு மூஞ்சிய மறைச்சுக்கிட்டீங்க."

பொடிசுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நூற்றுக்கு நூறு என்று தாளில் குறித்தாள்.

"ஈரத் துண்டைக் கட்டில்ல போடாதீங்க."

"ஈரத் துண்டைக் கட்டில்ல போடாதீங்க."

"முப்பது வருஷமாச் சொல்றேன்."

"முப்பது வருஷமாச் சொல்றேன்."

டிரைவரம்மா மூச்சு வாங்கினாள். மறுபடி பேசியபோது குரல் எங்கேயோ கீழே போயிருந்தது. அவ்வளவு மெதுவாக அவள் பேசி அவர் கேட்டதே இல்லை. ஹெட்ஃபோன் இல்லாவிட்டால் இன்றும் கேட்டிருக்காது.

"துண்டைக் கட்டில்லயே போட்டுக்கோங்க. பரவால்ல."

அவர் மெல்லத் திருப்பிச் சொன்னார்.

"நீங்க இல்லன்னா நான் யாரைப் போய்த் திட்டுவேன்?"

"நீங்க இல்லன்னா நான் யாரைப் போய்த் திட்டுவேன்?"

வாழ்நாளில் யாரையுமே திட்டியிராத மனிதர் அதைச் சொன்னார். பொடிசு இப்போது சிரிக்கவில்லை.

"எனக்குப் பயமா இருக்குங்க."

"எனக்குப் பயமா இருக்கு" என்றார் அவர். இந்த முறை அவர் டெஸ்ட்டுக்காகத் திருப்பிச் சொல்லவில்லை. ஹெட்ஃபோனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, உள்ளேயிருந்த மைக்கைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார்.

"எனக்கு ஒண்ணும் இல்லம்மா. தலையில கட்டி இல்ல, காதுல சத்தம் இல்ல. பதினோரு வருஷமா தினமும் காலையில இங்க வந்து உக்காருறேன். ஒண்ணுமே கேக்காது. அப்ப... என்னை யாரோ கேக்கறாங்கன்னு தோணும்."

"யாரு?" என்றாள் டிரைவரம்மா.

"தெரியல."

"சாமியா?"

"பேர் தெரியலம்மா. நானா ஒரு பேரை வெச்சா, அது என் பேச்சாயிடும்ல? நான் பேசறதே இல்ல. சும்மா உக்காந்திருப்பேன். கேக்கறாங்கன்னு தெரிஞ்சா பட்டனை அமுக்குவேன். அவ்வளவுதான். சொன்னா நீங்க சிரிப்பீங்கன்னு சொல்லல. சிரிச்சா எனக்கே அது இல்லாமப் போயிடுமோன்னு ஒரு பயம்."

யாரும் சிரிக்கவில்லை. பொடிசு திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, ஆயிரத்து நூத்தி எண்பத்தேழு தடவையில இருநூத்திப் பதினோரு தடவை அமுக்கவே இல்லையே."

"அன்னிக்கெல்லாம் ஒண்ணும் தெரியல. தெரியாம எப்படிம்மா அமுக்கறது?"

படிக்கும் காலத்தில் எத்தனையோ பேரை அவள் சோதித்திருக்கிறாள். டெஸ்ட்டில் தேறிவிட வேண்டும் என்று ஒலியே வராதபோதும் அமுக்கித் தள்ளுகிறவர்கள் உண்டு. யாரும் பார்க்காத அறையில், யாரும் கேட்காத கேள்விக்கு, இருநூறு முறை அமுக்காமல் வெறுங்கையோடு எழுந்து வந்திருக்கிறார் இந்த மனுஷர். அவர் சொன்ன அந்த 'யாரோ'வை அவள் நம்பவில்லை. அப்பாவை நம்பினாள். ஸ்கேன் தாளை மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"ஸ்கேன் வேணாம்மா. இது வியாதி இல்ல."

"கட்டி இல்லையா?"

"இல்ல."

"நிச்சயமா?"

"நிச்சயமா. ஒரு சத்தமும் அனுப்பாம எத்தனை தடவை காத்திருந்தேன் பாத்தல்ல? ஒரு தடவைகூட அமுக்கல."

டிரைவரம்மா நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்து, யூனிஃபாரக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் எழுந்தாள், கதவைத் திறந்தாள், ஆரம்பித்தாள்.

"பாவி மனுஷா! நேத்து ராத்திரி பூரா கண்ணு மூடல நான். அந்த வண்டிய எப்படி ஓட்டினேன்னு எனக்கே தெரியல. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

காதுக்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நல்லவேளை, திட்டுகிறாள்!

ஆனால் அவள் அதோடு நிற்கவில்லை. குரல் மறுபடி இறங்கியது. இந்த முறை இறங்கியது பயத்தால் அல்ல.

"முப்பது வருஷமா நான் கத்திக்கிட்டிருக்கேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள், 'என்ன சொன்ன?'ன்னு திரும்பிப் பாத்திருக்கீங்களா? உங்களைக் கேக்க ஆள் இருக்குன்னு பதினோரு வருஷமா இங்க வந்து உக்காந்திருக்கீங்க. என்னை யாருங்க கேட்டா?"

சண்டைக்காக அவள் அதைச் சொல்லவில்லை, உண்மையாகவே கேட்டாள். காதுக்காரருக்கு முகம் சுண்டிப்போனது. அண்ணன் சிரித்தபோதுகூட அவருக்கு இப்படி வலிக்கவில்லை.

"எழுந்திருங்க" என்றாள் டிரைவரம்மா. "நான் உக்காந்து பாக்கறேன்."

"நீயா?"

"ஏன், டோக்கன் வாங்கணுமா?"

அவர் எழுந்து வழிவிட்டார். பட்டனை அவள் கையில் கொடுத்து, பழக்கதோஷத்தில், "ஊகத்துல மட்டும் அமு..." என்று தொடங்கினார்.

"தெரியும். கதவைச் சாத்துங்க."

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அப்பாவும் மகளும் நின்றார்கள். ஒலி எதுவும் அனுப்பவில்லை. உள்மைக்கையும் அணைத்துவிட்டார்கள். டிரைவரம்மா ஸ்டியரிங் முன்னால் உட்காருவது போலவே நிமிர்ந்து உட்கார்ந்தாள். பழக்கத்தில் ஒரு முறை வலப்பக்கம் கண்ணாடியைத் தேடினாள். அங்கே சுவர்தான் இருந்தது. இரண்டு நிமிடம் போயிற்று. தூக்கிப் பிடித்த மாதிரி எப்போதும் இருக்கும் அவள் தோள் இரண்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கின. அவள் இவ்வளவு களைத்திருக்கிறாள் என்பதை அவர் இன்றைக்குத்தான் பார்த்தார்.

பிறகு அவள் உதடுகள் அசைந்தன. ஏதோ பேசுகிறாள்.

அவர் கை உள்மைக்கின் விசைக்குப் போனது. தொடாமல் திரும்பி வந்தது.

பச்சை விளக்கு எரிந்தது.

கதவு திறந்தபோது அவள் கண் சிவந்திருந்தது. யாரும் கேட்பதற்கு முன்னால் அவளே சொன்னாள்.

"உள்ள யாரும் இல்ல. எனக்குத் தெரிஞ்சு யாரும் இல்ல."

"அமுக்கினியேம்மா?" என்றாள் பொடிசு.

"கை பட்டிருக்கும்." கையிலிருந்த பட்டனைப் பார்த்துக்கொண்டே சேர்த்துச் சொன்னாள். "ஆனா நல்லாத்தான் இருக்கு. பிள்ளைங்க எல்லாம் இறங்கினப்புறம் வண்டிய ஆஃப் பண்ணிட்டு ஒரு நிமிஷம் உக்காந்திருப்பேன் பாரு, அந்த மாதிரி."

"என்ன பேசின?" என்றார் காதுக்காரர்.

டிரைவரம்மா திரும்பி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். முப்பது வருடத்தில் அவர் வாயிலிருந்து வந்த முதல் 'என்ன' அது.

"சொல்றேன். நாளையிலேருந்து காலை ட்ரிப்பு முடிச்சுட்டு ஒம்பதே காலுக்கு இங்க வருவேன். பத்து நிமிஷம் உள்ள உக்காந்து பேசுவேன். வேற யாராவது கேக்கறாங்களா இல்லையாங்கறது உங்க பாடு. நீங்க மைக்கைப் போட்டுக்கிட்டு, ஹெட்ஃபோனை மாட்டிக்கிட்டு, இங்க உக்காந்து கேக்கணும்."

"சரி."

"பட்டன் உங்க கையில இருக்கட்டும். நான் சொன்னது கேட்டா அமுக்குங்க. கேக்கலன்னா அமுக்காதீங்க. ஊகத்துல அமுக்கினீங்க, அப்புறம் நடக்கறதே வேற."

"சரிம்மா" என்றார் காதுக்காரர். அவள் கையிலிருந்த பட்டனை வாங்கி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

பொடிசு மூக்கை உறிஞ்சிக்கொண்டு திரை பக்கம் திரும்பினாள்.

"எட்டு நாப்பதுக்கு நீங்க போறதை நிறுத்த வேணாம்ப்பா. ஆனா இந்தப் பதிவெல்லாம் என்ன பண்றது? அழிச்சிடட்டுமா?"

"அழிச்சிடு. இது நம்ம மூணு பேரோட இருக்கட்டும். வெளிய யாருக்கும் தெரிய வேணாம்."

பொடிசு பட்டியலைக் கடைசிவரை ஓட்டினாள். ஓரிடத்தில் நிறுத்தினாள். மேலே போனாள், கீழே வந்தாள்.

"காலையிலதானே போவீங்க? புதன்கிழமை மதியம் எதுக்குப்பா?"

"மதியமா? ஒரு மணிக்கு நான் வீட்டுக்குச் சாப்பிடப் போயிடுவேனே."

"புதன்கிழமை மதியம் எனக்கு எதிர்லதான் உக்காந்து சாப்பிடுவார்" என்றாள் டிரைவரம்மா. "பேப்பரைப் படிச்சுக்கிட்டு."

பொடிசு திரையை அவர்கள் பக்கம் திருப்பினாள். புதன், 1.20. புதன், 1.20. புதன், 1.20. வரிசையாக இறங்கிக்கொண்டே போயிற்று.

"அமுக்காத அந்த இருநூத்திப் பதினொண்ணுல இது அறுபத்து மூணு. அறுபத்து மூணு தடவை யாரோ வந்து உள்ள உக்காந்திருக்காங்க. ஒரு தடவைகூட பட்டனை அமுக்கல."

மதியம் ஒன்றிலிருந்து இரண்டு வரை கடைக்கு இடைவேளை. அந்த ஒரு மணி நேரம் முன்னறையில் டப்பாவைத் திறந்துவைத்துச் சாப்பிடுகிறவர் ஒருவர்தான்.

மூன்று பேரும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள். டோக்கன் அக்கா கதவருகே நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை.

"பதினாலாம் நம்பர் வந்தாச்சு சார்" என்றார்.

சொல்லிவிட்டுப் போகவில்லை. காதுக்காரரின் கையிலிருந்த பட்டனைப் பார்த்துக்கொண்டு அங்கேயே நின்றார்.